பூச்சியை அறிவோம்; நஞ்சைத் தவிர்ப்போம்

(விலங்கியல் துறை, மூன்றாம் ஆண்டு)

முன்னுரை

மனிதன் வீடு கட்டி வாழத் தொடங்கிய நாள் முதலே வேறு பல உயிர்களும் அவ்வீட்டில் பங்கு கேட்டு வந்துவிட்டன. தானியத்தைச் சேமித்தான்; வண்டு வந்தது. தண்ணீரைத் தேக்கினான், கொசு வந்தது. மரத்தால் நிலையும் கதவும் அமைத்தான், கரையான் வந்தது. இவற்றோடு மனிதன் நடத்திவரும் போர் மிகப் பழையது, இன்னும் முடியாதது.

பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டங்களிலும் இப்போர் வீட்டுக்கு வீடு நடக்கிறது. தமிழ்நாட்டில் மக்காச்சோளம் மிகுதியாக விளையும் மாவட்டங்களுள் பெரம்பலூர் முன்வரிசையில் நிற்பது. பருத்தியும் சின்ன வெங்காயமும் அம்மண்ணின் மற்ற செல்வங்கள். அரியலூர்ப் பக்கம் முந்திரியும், கொள்ளிடக் கரையோரம் நெல்லும் கரும்பும் உண்டு. நம் கல்லூரி மாணவ மாணவியருள் பலர் உழவர் குடும்பத்தினர். நம் வீடுகளில் களமும் சமையலறையும் வெகுதூரத்தில் இல்லை. மக்காச்சோள மூட்டை திண்ணையில் இருக்கும். விதைப் பருத்தி உள்ளறையில் இருக்கும். வெங்காயப் பட்டறை வாசலுக்கு எதிரே இருக்கும். ஆகவே வயலில் உள்ள பூச்சி வீட்டுக்குள் வருவது எளிது. வயலில் அடிக்கும் பூச்சிமருந்து வீட்டுக்குள் வருவதும் அவ்வாறே எளிது. முன்னதைவிடப் பின்னதே பெருந்தீங்கு என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மருந்து என்னும் சொல்

உயிரைக் காப்பதற்கும் ‘மருந்து’ என்கிறோம். உயிரைக் கொல்வதற்கும் ‘மருந்து’ என்றே சொல்கிறோம். “பருத்திக்கு மருந்தடித்தேன்” என்கிறார் உழவர். “எலிக்கு மருந்து வைத்தேன்” என்கிறார் இல்லத்தரசி. இச்சொல்லின் இனிமை, பொருளின் கொடுமையை மறைத்துவிடுகிறது. எனவே இக்கட்டுரையில் அதனை நஞ்சு என்றே குறிப்பிடுகிறேன்.

2017ஆம் ஆண்டு பெரம்பலூர் மாவட்டத்தில் பருத்திக்கு நஞ்சு தெளித்தவர்கள் சிலர், அது மூச்சிலும் தோலிலும் ஏறியதால் உயிரிழந்தனர். அதே ஆண்டில் மகாராட்டிர மாநிலத்தின் யவத்மால் மாவட்டத்திலும் பருத்திக் காடுகளில் இத்தகைய சாவுகள் நேர்ந்து நாட்டையே கலங்கவைத்தன. திறந்த வெளியில், காற்றோட்டம் உள்ள வயலில் நேர்ந்தவை இவை. அதே புட்டியில் மிஞ்சியதை நான்கு சுவர்களுக்குள் கரப்பானுக்குத் தெளித்தால் என்னாகும் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

காலிப் புட்டிகூடத் தீங்கு செய்யும். 2013 ஜூலையில் பீகார் மாநிலத்தின் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவை உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். மோனோகுரோட்டபாஸ் என்னும் நஞ்சு சமையல் எண்ணெயில் கலந்திருந்ததே காரணம். நஞ்சு இருந்த கலத்தில் எண்ணெயை வைத்திருந்தனர் என்று விசாரணையில் தெரியவந்தது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலியை ஒழிப்பதற்காக வீட்டினுள் வைக்கப்பட்ட நஞ்சின் ஆவியைச் சுவாசித்து இரு குழந்தைகள் இறந்தனர். பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினாற்போல என்னும் பழமொழி நம்மிடம் உண்டு. அது வெறும் வேடிக்கைப் பேச்சன்று என்பதை இந்நிகழ்ச்சிகள் காட்டுகின்றன.

அப்படியானால் பூச்சிகளை விட்டுவிடுவதா? இல்லை. திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயை முதலில் இன்னதெனத் தெளியவேண்டும், பின் அதன் காரணத்தைக் காணவேண்டும், அதன் பிறகே தீர்க்கும் வழியைத் தேடவேண்டும் என்று முறை வகுக்கிறது. பூச்சிக்கும் அம்முறையே பொருந்தும். பெயர் தெரியாத பூச்சிக்கு நஞ்சு இடுவது, நோய் தெரியாத நோயாளிக்கு ஊசி போடுவதற்கு ஒப்பாகும்.

இனங்காணும் முறை

பூச்சியை இனங்காணப் பெரிய நுண்ணோக்கி தேவையில்லை. ஒரு கைவில்லையும், ஒரு டார்ச் விளக்கும், சற்றுப் பொறுமையும் போதும். ஐந்து கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எங்கே காணப்படுகிறது? எப்போது வெளியே வருகிறது? எதைத் தின்கிறது? என்ன தடயத்தை விட்டுச் செல்கிறது? உருவ அடையாளம் என்ன? இவ்வைந்துக்கும் விடை கிடைத்தால், அதனைத் தடுக்கும் வழியும் பெரும்பாலும் அவ்விடைக்குள்ளேயே இருக்கும். இனி நம் வீடுகளில் மிகுதியாகக் காணப்படுபவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

தானியப் பூச்சிகள்

நம் வீடுகளில் அரிசியில் காண்பதையும் பருப்பில் காண்பதையும் மாவில் காண்பதையும் பொதுவாக ‘வண்டு’ என்றே சொல்லிவிடுகிறோம். உண்மையில் இவை வெவ்வேறு இனங்கள். வெவ்வேறு வாழ்க்கை முறை உடையவை.

அரிசியிலும் சோளத்திலும் மக்காச்சோளத்திலும் காணப்படும் கூன்வண்டு ஏறத்தாழ 3 மி.மீ. நீளமுடையது. யானையின் துதிக்கையைப் போல் முகம் முன்னோக்கி நீண்டிருக்கும். சிறகின்மேல் மங்கிய செம்மஞ்சள் நிறப் புள்ளிகள் நான்கு இருக்கும். பெண் வண்டு அம்மூக்கினால் தானியத்தில் சிறு துளையிட்டு, அதில் ஒரு முட்டையை வைத்து, பசை போன்ற ஒரு பொருளால் அடைத்துவிடுகிறது. புழு தானியத்துக்குள்ளேயே பிறந்து, உள்ளேயே தின்று, உள்ளேயே கூட்டுப்புழுவாகி, ஏறத்தாழ ஒரு மாதத்தில் வண்டாக வெளிவருகிறது. கடையில் வாங்கும்போது அரிசி சுத்தமாகத்தான் இருந்தது, வீட்டுக்கு வந்தபின் வண்டு பிடித்துவிட்டது என்று நாம் குறைப்பட்டுக்கொள்வதன் விளக்கம் இதுவே. வண்டு வெளியிலிருந்து வந்து பிடிக்கவில்லை. அரிசிக்குள் இருந்தே வந்தது.

இதனை யாவரும் சோதித்துப் பார்க்கலாம். நான் இரு கைப்பிடி அரிசியை வண்டு ஒன்றும் இல்லாமல் பொறுக்கி, கண்ணாடிப் புட்டியில் இட்டு, வாயைத் துணியால் இறுகக் கட்டி அலமாரியில் வைத்தேன். மூன்று வாரம் வரை ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாம் வாரத்தில் புட்டிக்குள் வண்டுகள் ஊர்ந்தன. அரிசிப் பானையைச் சுற்றிலும் நஞ்சு தெளித்திருந்தாலும் அவ்வண்டுகள் வந்தே தீரும். நஞ்சு மட்டும் சோற்றில் சேரும்.

துவரை, பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை ஆகியவற்றைத் தாக்குவது பயறு வண்டு. இதற்கு நீண்ட மூக்கு இல்லை. உடல் குட்டையாகவும் பின்புறம் வெட்டினாற்போலவும் இருக்கும். முட்டையைப் பருப்பின் மேற்பரப்பிலேயே ஒட்டிவைக்கும். பயற்றின்மேல் வெள்ளைப் புள்ளிகள் தென்பட்டால் அவை இவ்வண்டின் முட்டைகளே. வட்டமான சன்னல் போன்ற துளை தெரிந்தால் வண்டு வெளியேறிவிட்டது என்று பொருள். முழுப் பயற்றில்தான் இது நன்கு பெருகும். உடைத்த பருப்பில் பெருகுவது கடினம். எனவே உணவுக்கு வேண்டிய துவரையை அறுவடையானதும் உடைத்து வைப்பது சிறந்த காப்பு.

மாவு, ரவை, உடைந்த முந்திரி ஆகியவற்றில் காணப்படும் செந்நிற மாவு வண்டு 3 முதல் 4 மி.மீ. நீளமும் தட்டையான உடலும் கொண்டது. முழுத் தானியத்தைத் துளைக்கும் ஆற்றல் இதற்கில்லை. நொய்யையும் தூளையும் தேடி வரும். இது மிகுந்துவிட்டால் மாவில் ஒரு காரமான வாடை வீசும். அவ்வாறு வாடை வீசும் மாவை உண்ணலாகாது. அரிசியும் ரவையும் நூல் கட்டிக் கட்டியாகி இருந்தால் அது வண்டின் வேலையன்று. அந்துப்பூச்சியின் புழு நூற்ற கூடு அது.

இவற்றைத் தடுப்பதில் நம் முன்னோர் கண்ட வழிகள் அறிவியலுக்குப் பொருந்துவன. என் அப்பாயி விதைத் துவரைக்குச் செம்மண் கட்டுவார். செம்மண்ணைக் கரைத்துத் துவரையைப் புரட்டி, வெயிலில் நன்றாகக் காயவைத்துப் பானையில் கொட்டுவார். பூச்சியின் உடல்மேல் மெழுகுபோன்ற மெல்லிய படலம் உண்டு. உடலின் ஈரம் வெளியேறாமல் காப்பது அதுவே. நுண்ணிய மண்துகள் அப்படலத்தைத் தேய்த்துவிடும். பூச்சி ஈரம் இழந்து வற்றிச் சாகும். சாம்பல் கலந்து விதை வைப்பதும் இதே தத்துவமே. பயற்றின்மேல் சிறிதளவு எண்ணெய் பூசுவது, ஒட்டிய முட்டைகளை மூச்சடைக்கச் செய்யும்.

எல்லாவற்றிலும் முதன்மையானது காய்ச்சல். மக்காச்சோளத்தின் ஈரம் 12 விழுக்காட்டுக்கு மேல் இருக்கையில் மூட்டை கட்டினால் பூஞ்சணமும் வண்டும் சேர்ந்தே வரும். பயறு வகைகளை நல்ல வெயிலில் காயவைத்து, சூடு ஆறியபின் மூடியிறுகிய கலத்தில் வைக்கவேண்டும். அரிசியைக் கடும் வெயிலில் நெடுநேரம் போட்டால் நொறுங்கி நொய்யாகும். ஆகவே அதனைச் சிறிது சிறிதாக வாங்குவதும், புடைத்துச் சலிப்பதும், பழைய அரிசியின்மேல் புதிய அரிசியைக் கொட்டாமல் பானையைத் துடைத்துவிட்டு நிரப்புவதும் நன்று. குளிர்பதனப் பெட்டி உள்ளவர்கள் ரவை, மாவு போன்ற சிறு பொட்டலங்களை அதன் உறைபனி அறையில் ஒரு வாரம் வைத்தால் முட்டையும் அழியும்.

கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தானியப் பூச்சிகளுக்கென ஒரு பொறியை உருவாக்கியிருக்கிறது. துளைகளிட்ட குழாய் ஒன்றைத் தானியத்துக்குள் செங்குத்தாகச் செருகி வைப்பதே அது. தானியப் பூச்சிகள் காற்றை நாடிச் செல்லும் இயல்புடையன. துளைவழியே குழாய்க்குள் நுழைந்தவை வழுக்கி அடியிலுள்ள கிண்ணத்தில் விழுந்துவிடும்; மீண்டும் ஏற இயலாது. பூச்சியின் இயல்பை அறிந்தவனுக்கு நஞ்சு வேண்டியதில்லை என்பதற்கு இதனினும் நல்ல சான்று இல்லை.

எறும்பும் கரையானும்

எறும்புகள் வரிசையாகச் செல்வது கட்டுப்பாட்டின் அடையாளம் என்று கதைகளில் படித்திருக்கிறோம். அவ்வரிசை மணத்தால் இடப்பட்ட பாதையாகும். முதலில் சர்க்கரையைக் கண்ட எறும்பு திரும்பும் வழியில் ஒருவகை வேதிப்பொருளைத் தடவிச் செல்கிறது. மற்றவை அதனை மோந்து வருகின்றன. எனவே ஊர்கின்ற எறும்புகளை நசுக்குவதால் பயன் குறைவு. சோப்பு நீரால் அப்பாதையைத் துடைத்து, அவை நுழையும் வெடிப்பைச் சிமெண்டால் அடைப்பதே தீர்வு. முன்னாளில் எறும்புக்கெனக் கேமாக்சின் பொடியை வாசலெங்கும் தூவினார்கள். பி.எச்.சி. என்னும் அந்நஞ்சு மண்ணிலும் உடற்கொழுப்பிலும் நெடுங்காலம் தங்குவது. 1997இல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. பிள்ளையார் எறும்பு போன்ற கடிக்காத இனங்களுக்கு இத்தகைய நஞ்சு வேண்டவே வேண்டா.

மழைக்கால மாலையில் விளக்கைச் சுற்றும் சிறகுப் பூச்சி ஈசலா, சிறகு முளைத்த எறும்பா என்பதை அறிவது முக்கியம். ஈசல் கரையானின் இனப்பெருக்கப் பருவம். அதன் நான்கு சிறகுகளும் ஒரே அளவுடையன, உணர்கொம்பு நேராக இருக்கும், இடை தடித்திருக்கும். எறும்பின் முன்சிறகு பெரிது, பின்சிறகு சிறிது, உணர்கொம்பு முழங்கைபோல் மடிந்திருக்கும், இடை மெலிந்திருக்கும். வெளியிலிருந்து வெளிச்சத்துக்கு ஈசல் வருவது இயல்பு. நம் ஊர்களில் அதைப் பிடித்து வறுத்துத் தின்பதும் உண்டு. ஆனால் வீட்டுச் சுவரிலிருந்தோ நிலைக்காலிலிருந்தோ ஈசல் புறப்பட்டால், வீட்டுக்குள்ளேயே கரையான் குடியிருக்கிறது என்று பொருள்.

கரையானிலும் இருவகை உண்டு. மண்ணில் வாழ்வது சுவரின்மேல் மண்குழாய் கட்டிக்கொண்டு மரத்தை அடையும். உலர்ந்த மரத்துக்குள்ளேயே வாழ்வது மண்குழாய் கட்டாது. அதன் எச்சம் மணல்போலக் கட்டிலடியில் உதிர்ந்து கிடக்கும். கைவில்லையில் பார்த்தால் ஒவ்வொரு மணியும் ஆறு பட்டையுடன் தோன்றும். முதல் வகைக்கு மண்ணிலும், இரண்டாம் வகைக்கு மரத்திலும் வேலை செய்யவேண்டும். இவ்வேறுபாடு தெரியாமல் கட்டிலுக்கு வந்த கரையானுக்காகச் சுவரடி முழுவதும் நஞ்சு ஊற்றுவோர் உண்டு. செலவும் தீங்குமே மிச்சம். மண்குழாயைக் கண்டால் ஒரு விரற்கடை அளவு உடைத்துவிட்டுச் சில நாள் கழித்துப் பாருங்கள். மீண்டும் கட்டப்பட்டிருந்தால் கரையான் உயிருடன் இயங்குகிறது. கசியும் குழாய், ஈரச்சுவர், மண்ணில் நேரே ஊன்றிய மரக்கால் ஆகியவையே அதற்கு அழைப்பு. புதிதாக வீடு கட்டுவோர் அடித்தளத்திலேயே காப்புச் செய்வதற்கான முறைகளை இந்தியத் தர நிறுவனம் ஐ.எஸ். 6313 என்னும் தரநூலில் வகுத்துள்ளது. கட்டுபவரிடம் அதனைக் கேட்டுப் பெறலாம்.

கரப்பான்

நம் வீடுகளில் பெரிய கரப்பான், சிறிய கரப்பான் என இரண்டைக் காணலாம். சிறியது பெரியதன் குஞ்சு என்று எண்ணுவது தவறு. பெரியதற்கு அமெரிக்கக் கரப்பான் என்று பெயர்; ஆயினும் அதன் தாயகம் ஆப்பிரிக்கா. 35 முதல் 40 மி.மீ. வரை வளர்ந்து, சாக்கடையிலும் கழிவுநீர்க் குழாயிலும் வாழும். இரவில் குழாய் வழியே மேலேறி வரும். வடிகால் துளைகளுக்குச் சல்லடை மூடி இட்டாலே இதன் வரவு பெரிதும் நின்றுவிடும்.

சிறியது செர்மானியக் கரப்பான். 13 முதல் 16 மி.மீ. நீளம், கழுத்துப் பகுதியில் இரு கரிய கோடுகள் இருக்கும். இதன் தாயகமும் செர்மனி அன்று. இந்தியா அல்லது மியான்மர்ப் பகுதியில் ஏறத்தாழ 2,100 ஆண்டுகளுக்கு முன் ஆசியக் கரப்பான் இனத்திலிருந்து இது பிரிந்தது என 2024இல் வெளியான மரபணு ஆய்வு தெரிவிக்கிறது. உலகத்துக்கு நாம் ஏற்றுமதி செய்த பொருள்களுள் இதுவும் ஒன்று போலும்! இது சாக்கடையில் வாழ்வதில்லை. குளிர்பதனப் பெட்டியின் பின்புறம், மிக்சியின் அடிப்பாகம், அலமாரிக் கீல் ஆகிய வெதுவெதுப்பான இடுக்குகளில் வாழும். அட்டைப் பெட்டியோடும் பழைய சாமான்களோடும் வீட்டுக்கு வரும். ஒரு முட்டைப் பையில் 30 முதல் 40 முட்டைகள் இருக்கும். தாய் அதனைப் பொரியும்வரை சுமந்து திரியும்.

இதற்கு நஞ்சைத் தெளித்தால் கூட்டம் சிதறி அடுத்த அறைக்குப் போகும். அடுத்த தலைமுறை அந்நஞ்சைத் தாங்கும் வன்மை பெறும். இடுக்கில் புள்ளி புள்ளியாக வைக்கும் பசை இரையே நல்லது. அதை உண்ட கரப்பான் தன் இருப்பிடம் சென்று இறக்கும். அதன் எச்சத்தையும் உடலையும் தின்னும் மற்றவையும் இறக்கும். இரவில் எச்சில் பாத்திரம் கிடக்காமலும், தொட்டியில் ஈரம் நில்லாமலும் பார்த்துக்கொண்டால்தான் இரையும் பயன்படும்.

எலி

எலியிலும் இனம் உண்டு. வாலின் நீளம் உடலின் நீளத்தைவிட மிகுந்திருந்தால் அது மச்சிலும் ஓட்டிடுக்கிலும் ஏறும் வீட்டெலி. உடல் பருத்து வால் குட்டையாக இருந்து, மண்ணை வாரிக் கொட்டியிருந்தால் அது வளை தோண்டும் பெருச்சாளி இனம். விரலளவு உடலும் பெரிய காதும் உடையது சுண்டெலி; அரிசி அளவான எச்சம் அதன் தடயம். சுண்டெலி ஒரு பென்சில் நுழையும் ஓட்டை வழியே புகுந்துவிடும். ஆகவே பொறி வாங்குவதற்கு முன் ஓட்டையைத் தேடுவதே முறை. கம்பிச் சல்லடையும் சிமெண்டும் கொண்டு அடைத்தால் ஆண்டுக்கணக்கில் பயன் தரும்.

எலி வெட்டவெளியைக் கடக்க அஞ்சும். மீசை சுவரில் உரசும்படி ஓரமாகவே ஓடும். ஆகவே பொறியை அறை நடுவில் வைப்பது வீண். சுவரை ஒட்டி வைக்கவேண்டும். புதிய பொருளைக் கண்டும் அது ஐயுறும். எனவே முதல் இரண்டு மூன்று நாள் பொறியை இழுத்து மாட்டாமல், தேங்காய்ச் சில்லோ கருவாடோ மட்டும் வைத்துப் பழக்கி, பிறகு மாட்டவேண்டும். காவிரிப் படுகை உழவர் மூங்கிலால் கிட்டி செய்து வயலெலியைப் பிடிப்பதும் எலியின் வழியை அறிந்தே. எலி உள்ள வீட்டுக்குப் பாம்பும் பின்தொடர்ந்து வரும் என்பதையும் மறக்கலாகாது.

எலி நஞ்சுகளுள் மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசை மிகக் கொடியது. அது கல்லீரலை அழிக்கும். அதற்கு மாற்று மருந்து இல்லை. தமிழ்நாடு அரசு அதனைத் தடை செய்துள்ளது. தானியக் கிடங்குகளில் பயன்படும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை, காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து பாஸ்பீன் என்னும் நச்சு வாயுவை வெளியிடுவது. உரிய அனுமதியும் பயிற்சியும் உடையோர் மட்டுமே கையாள வேண்டியது அது. மக்காச்சோள மூட்டைக்கு ஒரு மாத்திரை போட்டுவிட்டு அதே அறையில் படுத்துறங்குவது சாவை அழைத்துப் பாய் விரிப்பதாகும்.

கொசு

குழாயில் நாள்தோறும் தண்ணீர் வராத தெருக்களில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சிமெண்ட் தொட்டியும் பிளாஸ்டிக் பீப்பாயும் நிற்கும். மழை குறைந்த நம் பகுதியில் டெங்கு வருவதற்கு இத்தேக்கமே பெருங்காரணம். டெங்குவைப் பரப்பும் ஏடிசு கொசு ஆப்பிரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவிய வந்தேறி. கால்களில் வெள்ளை வளையங்கள் உண்டு, பகலில் கடிக்கும். மலேரியாவைப் பரப்பும் அனாபெலிசு இரவில் கடிக்கும். உடலைச் சாய்த்து அமரும். நீரிலுள்ள புழுவைக் கொண்டும் அறியலாம். தலைகீழாகத் தொங்கினால் ஏடிசு அல்லது கியூலெக்சு. நீர்மட்டத்துக்கு இணையாகக் கிடந்தால் அனாபெலிசு.

ஏடிசு முட்டையைத் தண்ணீரில் இடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தொட்டியின் சுவரில் ஒட்டிவைக்கும். காய்ந்த தொட்டியிலும் அம்முட்டை பல மாதம் உயிரோடிருக்கும். தண்ணீர் பட்டதும் பொரியும். ஏழு முதல் பத்து நாளில் கொசுவாகிவிடும். எனவே தண்ணீரைக் கீழே ஊற்றினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை தொட்டியின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவிக் காயவைக்க வேண்டும். துணியால் மூடிக் கட்டவேண்டும். சுகாதாரப் பணியாளர் தண்ணீரில் அபேட் ஊற்ற வந்தால் தடுக்கலாகாது. அது அளவறிந்து இடப்படுவது. கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீனைத் தொட்டியில் விடலாமே தவிர, ஏரியில் விடுதல் தவறு. அதுவும் ஒரு வந்தேறியே. ஏரியின் சொந்த மீன்குஞ்சுகளையும் தவளைக் குஞ்சுகளையும் தின்றுவிடும். 2024இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட நம் கரைவெட்டி போன்ற ஏரிகளை இத்தகைய தீங்கினின்று காப்பது நம் கடமை.

வந்தேறிகள்

வந்தேறி என்றதும் அயல்நாட்டிலிருந்து நமக்கு வந்தவற்றையே எண்ணுகிறோம். 2018இல் இந்தியாவுக்குள் நுழைந்து, அதே ஆண்டில் பெரம்பலூர் மக்காச்சோளக் காடுகளைச் சூறையாடிய அமெரிக்கப் படைப்புழு அவ்வகையது. அது வந்த பின்னரே நம் வீடுகளில் நஞ்சுப் புட்டிகளின் எண்ணிக்கையும் பெருகியது. 2022இல் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலை அடிவாரத்தில் ஆடுமாடுகளின் கண்களைப் பாழாக்கி மக்களை அல்லற்படுத்திய மஞ்சள் கிறுக்கெறும்பும் இவ்வரிசையில் வைத்து எண்ணப்படுவது. நீண்ட கால்களுடன் திசையின்றி ஓடும் இயல்பால் அதற்கு அப்பெயர்.

ஆனால் நம்மிடமிருந்து சென்றவையும் உண்டு. இந்தியத் துணைக்கண்டத்தைச் சேர்ந்த கப்ரா வண்டு 1953இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கண்டறியப்பட்டபோது அதனை ஒழிக்கப் பெரும் முயற்சி தேவைப்பட்டது. நம் நகரங்களில் கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் பெருகும் அனாபெலிசு ஸ்டீபன்சி என்னும் மலேரியாக் கொசு 2012இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியிலும், பின்னர் எத்தியோப்பியாவிலும், இலங்கையின் மன்னாரிலும் தோன்றியது. மூட்டையும் பெட்டியும் கப்பலும் செல்லும் இடமெல்லாம் பூச்சியும் செல்லும். வெளியூரிலிருந்து கொண்டுவரும் பழைய மரச்சாமான், சாக்கு, செடித்தொட்டி ஆகியவற்றை வாசலிலேயே ஆராய்ந்து உள்ளே கொண்டுவருவது நாட்டின் எல்லைக் காவலுக்கு நிகரான வீட்டுக் காவலாகும்.

நஞ்சு தவிர்க்க முடியாதபோது

சிலபோது நஞ்சு வேண்டியிருக்கலாம். அப்போதும் வீட்டுப் பயன்பாட்டுக்கென்று பதிவுபெற்றதையே வாங்கவேண்டும். ஒவ்வொரு புட்டியின் சீட்டிலும் ஒரு நிறக்குறி உண்டு. சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் அதற்கடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை குறைந்த நஞ்சு. படிக்கத் தெரியாதவரும் அறியும்பொருட்டு அமைந்த ஏற்பாடு இது. நம் பெற்றோர்க்கு இந்நிறங்களைச் சொல்லிக்கொடுப்பது கல்லூரியில் படிக்கும் நம் பொறுப்பு. வயலுக்கென வாங்கியதை வீட்டுக்குள் வைக்கலாகாது. வேறு புட்டிக்கு மாற்றலாகாது. காலிப் புட்டியைத் துளையிட்டு அழிக்கவேண்டும். யாரேனும் தவறி அருந்திவிட்டால் வீட்டு வைத்தியத்திலும் வாந்தி எடுக்கச் செய்வதிலும் நேரத்தைக் கழிக்காமல், 108க்கு அழைத்து, புட்டியின் சீட்டையும் உடன்கொண்டு மருத்துவமனைக்கு விரையவேண்டும். எந்த நஞ்சு என்று தெரிந்தால்தான் மருத்துவர் உரிய சிகிச்சை செய்ய இயலும். பூச்சிக்கு மட்டுமன்று, நஞ்சுக்கும் பெயர் தெரியவேண்டும்.

முடிவுரை

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துச் சொன்னால், முதலில் பெயரறிதல்; இரண்டாவது அதன் உணவையும் நீரையும் இருப்பிடத்தையும் நீக்குதல்; மூன்றாவது வழியடைத்தல்; நான்காவது பொறி வைத்தல்; நஞ்சு ஐந்தாவதாகவும் கடைசியாகவும் வரவேண்டும். நம் ஊர்களில் இவ்வரிசை தலைகீழாக இருக்கிறது. அதனை நேராக்கப் பணம் வேண்டியதில்லை. படித்தவர் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் இருந்தால் போதும்.

விலங்கியல் பாடத்தில் பூச்சியின் வாய்ப்பகுதிகளையும் உணர்கொம்புகளையும் வரைந்து மதிப்பெண் பெறுகிறோம். அப்படங்களைத் தேர்வு முடிந்ததும் மறந்துவிடாமல், நம் வீட்டு அரிசிப் பானையின் முன்னும் தண்ணீர்த் தொட்டியின் முன்னும் ஒருமுறை நினைவுகூர்வோமாக. இந்த விடுமுறையில் நண்பர்கள் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டு அலமாரியைத் திறந்து, உணவுக்கு அருகில் நஞ்சுப் புட்டி ஏதேனும் இருக்கிறதா என்று பார்த்து, இருப்பின் அன்றே அதனை அப்புறப்படுத்தவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.